மனநலம்: கிளைக் கூட்டத்தில் பேச வேண்டிய பொருள்

(புனே, பிம்ப்ரி–சிஞ்ச்வட் பகுதித் தமிழ்த் தோழர்களிடையே மருத்துவத் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மனநோய்கள், நரம்பு நோய்கள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கட்கி, தாப்போடி, தேஹு ரோடு பகுதிகளிலிருந்து இரவு ஷிப்ட் முடித்த கண்களோடு பலர் வந்திருக்கிறீர்கள். இது மருத்துவ வகுப்பு போல ஆகிவிடக் கூடாது என்று எண்ணுகிறேன். ஆகவே என் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளையில் ஒரு தோழர் இருந்தார். பெயர் வேண்டாம். பத்திரிகைச் சந்தா சேர்ப்பதிலும், தெருமுனைக் கூட்டத்திற்கு ஆள் திரட்டுவதிலும் அவருக்கு இணை கிடையாது. படிப்படியாக அவர் கூட்டங்களுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் மூலையில் அமர்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. "சொந்த வேலையில் மூழ்கிவிட்டார்" என்றார் ஒரு தோழர். "உறுதி தளர்ந்துவிட்டது" என்றார் இன்னொருவர். 'செயல்படவில்லை' என்று குறிப்பு எழுதிப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நான் ஒரு மருத்துவன். அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஏழெட்டு வாரங்கள் கழித்து அவர் துணைவியார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டாக்டர் தோழர், மூணு மாசமா அவர் தூங்கலை. வேலைக்கும் சரியாப் போகலை. நேத்து ராத்திரி, பிள்ளைங்களைப் பார்த்துக்கோன்னு சொல்லிட்டு அழுதாரு" என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு அடையாளமும் மூன்றாமாண்டு மருத்துவ மாணவனுக்கும் தெரிந்த பாடம். நாங்கள் ஒரு தோழரின் நோயை அவருடைய அரசியல் குறையாக வாசித்திருந்தோம்.

அந்தத் தவறு இன்னொரு கிளையில் நிகழக் கூடாது என்பதற்காகவே இன்று பேசுகிறேன்.

எத்தனை பேரின் துன்பம்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஆய்வுக் காலத்தில் ஏதேனும் ஒரு மனநோயால் துன்புற்றுக்கொண்டிருந்தனர். அதாவது பத்துப் பேரில் ஒருவர். நோயின் வகைக்கேற்ப, அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாமல் இருந்தனர். நீரிழிவு நோயாளிகள் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மருந்தே கிடைக்கவில்லை என்றால் நாம் சாலையில் இறங்கியிருப்போம். மனநோய்க்கு இறங்கவில்லை. ஏனெனில் அதை நோய் என்றே நாமும் முழுமையாக ஏற்கவில்லை.

2022ஆம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி நாட்டில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். மகாராஷ்டிரம் 22,746 பேருடன் முதலிடத்திலும், தமிழ்நாடு 19,834 பேருடன் இரண்டாமிடத்திலும் இருந்தன. நாம் பிறந்த மாநிலமும் பிழைக்க வந்த மாநிலமும் இந்தப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. இறந்தோரில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலித் தொழிலாளி. தற்கொலைக்குக் காரணம் மனநோய் மட்டுமே என்று சொல்ல முடியாது. கடன், வேலையிழப்பு, குடும்ப வன்முறை, சாதி இழிவு ஆகியவையும் அதில் கலந்துள்ளன. ஆனால் அந்த நெருக்கடியின் உச்சத்தில் ஒருவர் துணைக்கு இருந்திருந்தால், ஒரு மருத்துவர் எட்டும் தூரத்தில் இருந்திருந்தால், பலர் உயிரோடு இருந்திருப்பார்கள்.

நோய்களை அடையாளம் காண்போம்

மனச்சோர்வு நோயை முதலில் எடுத்துக்கொள்வோம். துக்கம் எல்லோருக்கும் வரும், போகும். இரண்டு வாரங்களுக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடப்பது, முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, பசியின்மை, கை கால் நகராத சோர்வு, 'நான் எல்லோருக்கும் பாரம்' என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைவு ஆகியவை சேர்ந்து வந்தால் அது நோய். நம் மக்கள் இதை மனத்தின் மொழியில் சொல்வதில்லை. தலை பாரமாக இருக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, நெஞ்சை அடைக்கிறது என்பார்கள். ஸ்கேன் எடுத்து, சத்து ஊசி போட்டு, கடன் ஏறிய பிறகே உண்மை தெரியவரும்.

பதற்ற நோய் அடுத்தது. திடீரென நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு முட்டும், இப்போதே செத்துவிடுவோம் என்ற அச்சம் பிடிக்கும். இருபது முப்பது நிமிடத்தில் அடங்கும். முதன்முறை வரும்போது மாரடைப்பு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தாக வேண்டும். ஈ.சி.ஜி. பலமுறை சரியாக இருந்த பின்னும் இதே போல் வந்துகொண்டிருந்தால் அது பதற்ற நோயாக இருக்கலாம். "ஒன்றுமில்லை, நடிக்கிறான்" என்று சொல்வது கொடுமை.

இந்த இரண்டுக்கும் பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் உண்டு. மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். நம்மவர்கள் பத்தாம் நாளில் "பயனில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நலமடைந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். இம்மருந்துகள் மதுவைப் போலவோ கஞ்சாவைப் போலவோ அடிமைப்படுத்துபவை அல்ல. மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். அடிமைப்படுத்தக்கூடியவை தூக்க மாத்திரைகள். அவற்றைத்தான் சீட்டில்லாமல் கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறோம்.

மனச்சிதைவு நோயும் இருதுருவ மனநிலை நோயும் கடுமையானவை. இல்லாத குரல் கேட்பது, எல்லோரும் தனக்கெதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, குளிக்காமல் உண்ணாமல் ஒடுங்கிக் கிடப்பது ஆகியவை முதல் நோயின் அடையாளங்கள். இரண்டாவதில் சில காலம் ஆழ்ந்த சோர்வு. சில காலம் தூக்கமே வேண்டாத அளவு மிதமிஞ்சிய உற்சாகம், அடக்க முடியாத பேச்சு, கைமீறிய செலவு. இரண்டுக்கும் நீண்டகால மருந்து தேவை. நோயாளியை ஓயாமல் குறை கூறுகிற, திட்டுகிற வீட்டில் நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம். ஆகவே குடும்பத்திற்குக் கற்பிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. மனநோயாளர் எல்லோரும் வன்முறையாளர் என்பது திரைப்படம் பரப்பிய பொய். அவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதே அதிகம்.

இனி நரம்பு நோய்கள். வலிப்பு நோயால் நாட்டில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் துன்புறுகின்றனர். முறையாக மருந்து உட்கொண்டால் பத்தில் ஏழு பேர் வலிப்பே இன்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது யாரைத் தாக்குகிறது என்று பாருங்கள். பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தை, சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட கட்டடத் தொழிலாளி, மூளைக் காய்ச்சல் கண்ட சிறுவன், சுகாதாரமற்ற நீர், உணவு வழியே நாடாப்புழு முட்டை மூளையை எட்டிய ஏழை என்று பட்டியல் நீள்கிறது. நல்ல பிரசவ வசதி, தலைக்கவசம், தூய நீர், கழிப்பறை ஆகியவை இருந்தால் வலிப்பு நோயின் ஒரு பெரும் பங்கைத் தடுத்துவிடலாம்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது தமிழ்நாட்டு வழக்கம். செருப்பையும் வெங்காயத்தையும் முகரச் செய்வது இங்குள்ள வழக்கம். இரண்டும் பயனற்றவை. வலிப்பு தானே அடங்குகிறது. புகழ் சாவிக்குப் போகிறது. செய்ய வேண்டியவை எளியவை. கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பக்கவாதத்தில் நேரமே மருந்து. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். "காலையில் பார்க்கலாம்" என்று சொன்ன ஓர் இரவு, ஒரு தொழிலாளியின் வலக்கையை எடுத்துக்கொண்டுபோகும்.

மறதி நோயை "வயதானால் அப்படித்தான்" என்று தள்ளிவிடுகிறோம். 60 வயதைக் கடந்தோரில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இன்று இதை முற்றாகக் குணப்படுத்த மருந்தில்லை. ஆனால் தைராய்டுக் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதியைச் சரிசெய்ய முடியும். ஆகவே சோதிக்காமல் கைவிடக் கூடாது. இந்நோயாளியைக் காக்கும் வேலை முழுவதும் வீட்டின் மருமகள் மீதோ மகள் மீதோ ஊதியமின்றி விழுகிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

பேயும் சங்கிலியும்

தோழர்களே, இந்த நகரத்தில் நின்றுகொண்டு மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது மருத்துவர் நரேந்திர தாபோல்கரை நினைக்காமல் இருக்க முடியாது. சாத்தாராவில் மருத்துவம் பார்த்தவர். மகாராஷ்டிர மூடநம்பிக்கை ஒழிப்புச் சமிதியைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று பேயோட்டிகளின் ஏமாற்றை வெளிப்படுத்தினார். 2013 ஆகஸ்ட் 20 காலை, ஓங்காரேஷ்வர் கோயில் அருகிலுள்ள பாலத்தில் நடைப்பயிற்சி சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட இருவருக்குப் புனே நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதிக்க 2024 மே மாதம் வரை ஆனது. வேறு மூவர் விடுவிக்கப்பட்டனர்.

அவர் ஆண்டுக்கணக்கில் கோரிய சட்டம், அவர் இறந்த சில நாள்களில் அவசரச் சட்டமாக வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதன் அட்டவணையின் முதல் உருப்படியைப் படியுங்கள். பேயை ஓட்டுவதாகச் சொல்லி ஒருவரைக் கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டுவது, தடியால் சவுக்கால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது ஆகியவை குற்றம். இவை யாருக்கு இழைக்கப்பட்டன? பெரும்பாலும் மனச்சிதைவு நோயாளிகளுக்கும் வலிப்பு நோயாளிகளுக்கும்தான். தாபோல்கரின் போராட்டத்தில் மனநோயாளரின் உரிமைக்கான போராட்டமும் அடங்கியிருந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்கு இந்த இடத்தில் பெருமை பேச உரிமையில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கொடியவர்கள் அல்லர். மாவட்டத்தில் மனநல மருத்துவர் இல்லாத நிலையில், தர்காவின் நிழலையாவது நம்பி வந்தவர்கள்.

ஆகவே நம்பிக்கையாளரைக் கேலி செய்வது நம் வேலையாக இருக்க முடியாது. தாபோல்கரும் மக்களின் கடவுள் நம்பிக்கையோடு சண்டையிடவில்லை. அந்த நம்பிக்கையை வைத்து நடக்கும் சுரண்டலோடுதான் சண்டையிட்டார். பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில், வழிபாட்டை விடச் சொல்லாமல் மருந்தையும் கூடவே கொடுக்கும் அரசுத் திட்டம் வந்தது. ஒரு தாய் மகனுக்கு மந்திரிக்கப் போனால், "போகாதே" என்று கத்துவதைவிட, "போய்வாருங்கள் அம்மா, நாளைக் காலை நான் கூட வருகிறேன், மருத்துவரையும் பார்ப்போம்" என்று சொல்பவரே அவரை மருத்துவமனைக்கு அழைத்துவருவார்.

எரவாடாவின் சுவர்களும் சட்டத்தின் சொற்களும்

எரவாடா என்றதும் காந்தி அடைபட்ட சிறை நினைவுக்கு வரும். அதே எரவாடாவில் மண்டல மனநல மருத்துவமனையும் நிற்கிறது. மகாராஷ்டிரத்திலுள்ள நான்கு மண்டல மனநல மருத்துவமனைகளில் ஒன்று அது. மற்றவை தானே, நாக்பூர், ரத்னாகிரியில் உள்ளன. எரவாடாவின் அனுமதிக்கப்பட்ட படுக்கைகள் 2,540. நாட்டிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. பிரிட்டிஷ் ஆட்சி மனநோயாளரைச் சமூகத்திலிருந்து அகற்றி வைக்கவே இத்தகைய மாளிகைகளைக் கட்டியது. நோய் தணிந்த பின்னும் வீட்டார் அழைத்துப்போகாததால் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடுவோர் இத்தகைய மருத்துவமனைகளில் நாடெங்கும் உண்டு. அவ்வாறு குணமடைந்தோரைப் பிச்சைக்காரர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மாற்றுவதை நிறுத்துமாறு 2019இல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர அரசுக்கு உத்தரவிட நேர்ந்தது.

இந்த நிலையை மாற்றும் சிந்தனையும் இதே நகரத்தில் பிறந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை வரைவதில் புனே இந்திய சட்டக் கழகத்தின் மனநலச் சட்ட மையத்தைச் சேர்ந்த மருத்துவர் சௌமித்ர பதாரே முக்கியப் பங்காற்றினார். அச்சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. பார்கவி தாவர் 1999இல் தொடங்கிய பாபு அறக்கட்டளை, கட்டாயச் சிகிச்சையையும் அடைத்துவைத்தலையும் எதிர்த்தது. புனேயின் உழைப்பாளர் குடியிருப்புகளில் அக்கம்பக்கத்தாரின் துணையோடு மனநலப் பணியைச் செய்தது. மருத்துவர்களாகிய எங்களுக்கு அவருடைய விமர்சனம் கசந்தது உண்டு. ஆனால் நோயாளியின் சம்மதத்தைக் கேட்கப் பழகாத மருத்துவம் ஏழையிடம் மேலும் அதிகாரத் திமிரோடு நடந்துகொள்ளும் என்பதை அது எங்களுக்கு நினைவூட்டியது.

சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு, அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இலவசம். 19ஆம் பிரிவு சமூகத்தில் வாழும் உரிமையைத் தருகிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. 21ஆம் பிரிவு, உடல் நோய்க்குரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரக் கோருகிறது. 95ஆம் பிரிவு சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அவருக்கு உதவுவது அரசின் கடமை. அவர் மீது வழக்கு வரும் என்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்குவோர் இன்னும் உண்டு. அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சட்டம் நல்லது. நிதி எங்கே? ஒன்றிய சுகாதார நிதிநிலை அறிக்கையில் மனநலத்திற்கு நேரடியாக ஒதுக்கப்படுவது ஏறத்தாழ ஒரு விழுக்காடு. அதிலும் பெரும்பகுதி நிம்ஹான்ஸ் போன்ற ஓரிரு மைய நிறுவனங்களுக்குப் போகிறது. அவை வளரட்டும். ஆனால் மாவட்ட மனநலத் திட்டம் 1996இலிருந்து இருக்கிறது. நம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு மாத்திரை மாதந்தோறும் இருப்பதில்லை என்றால் அந்தத் திட்டம் தாளில்தான் இருக்கிறது. பீனோபார்பிட்டோன், கார்பமசிபைன், லித்தியம், ரிஸ்பெரிடோன், ஃபுளுவாக்ஸ்டின் ஆகிய எல்லாம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. விலை குறைந்த பழைய மருந்துகள். இதே பிம்ப்ரியில் நாட்டின் முதல் பொதுத்துறை மருந்துத் தொழிற்சாலையான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் 1954இல் எழுந்தது. 2016 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை அதை விற்பனைக்கு விட முடிவெடுத்தது. மக்களுக்கு மருந்து தரும் பொறுப்பிலிருந்து அரசு எப்படி விலகுகிறது என்பதற்குச் சான்று தேடி நீங்கள் தொலைவு போக வேண்டியதில்லை.

வேலை நேரமும் மூளையும்

தூக்கத்தைப் பறித்தால் வலிப்பு நோயாளிக்கு வலிப்பு வரும். இருதுருவ நோயாளிக்கு மிகையுற்சாகம் தொடங்கும். மனச்சோர்வு ஆழமாகும். இது பாடநூலில் உள்ள செய்தி. சாக்கனிலும் போசரியிலும் வாரந்தோறும் ஷிப்டை மாற்றும் தொழிற்சாலைகள் இந்தப் பாடநூலைப் படிப்பதில்லை. 2025 செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை, தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கான வேலை நேர வரம்பை 9 மணியிலிருந்து 12 மணியாகவும், கடைகள், நிறுவனங்களில் 9இலிருந்து 10 மணியாகவும் உயர்த்த ஒப்புதல் அளித்தது. அதற்கு ஓராண்டு முன்னர்தான், இதே புனேயில் ஒரு பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுப் பெண் இறந்தார். பணிச்சுமையே மகளைக் கொன்றது என்று அவர் தாய் எழுதிய கடிதம் நாட்டை உலுக்கியது. கணினி முன் இருப்பவருக்கும் கன்வேயர் முன் நிற்பவருக்கும் பொதுவானது இந்தப் பிரச்சினை. எட்டு மணி நேர வேலைக்கான கோரிக்கை மூளையின் நலனுக்கான கோரிக்கையும் ஆகும்.

தொழிற்சங்கத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு நடைமுறைச் செய்தி. ஈ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கால உதவி 91 நாள்களோடு முடிகிறது என்று பலர் எண்ணுகிறோம். நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி என்று ஒன்று உண்டு. 34 நெடுங்கால நோய்களுக்கு, சராசரி ஊதியத்தில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு, இருதுருவ நோய், மறதி நோய், பக்கவாதத்தால் வரும் கைகால் செயலிழப்பு, பார்க்கின்சன் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இரண்டு ஆண்டு தொடர் பணியும், அக்காலத்தில் 156 நாள் பங்களிப்பும் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரரை மாற்றி மாற்றிப் பணித் தொடர்ச்சியை முறிப்பதால் எது பறிபோகிறது என்பது இப்போது புரியும். அரசுத் துறையில் இருப்போருக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. பணிக்காலத்தில் ஊனம் நேர்ந்த ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. நாட்பட்ட நரம்பு நோய்களும் மனநோயும் அச்சட்டத்தின் 21 வகைகளுள் அடங்கும்.

நாம் செய்ய வேண்டியவை

நம்மிடையே ஒரு சோம்பேறித்தனமான வாதம் உண்டு. "மனநோய் முதலாளித்துவத்தின் விளைவு, சமூகம் மாறினால் அதுவும் மாறும்" என்பது. கடனும் வேலையின்மையும் நோயை வளர்க்கின்றன என்பது உண்மை. ஆனால் மரபணுவும், பிறவியிலேயே மூளையில் அமைந்த குறைகளும், தொற்றும் உண்மையே. இன்றிரவு தூங்காமல் கிடக்கும் தோழரிடம் சமூக மாற்றம் வரை பொறு என்று சொல்ல முடியாது. அவருக்கு நாளைக் காலை புறநோயாளர் பிரிவில் ஒரு சீட்டு வேண்டும். அந்தப் பிரிவில் மருத்துவர் இருக்க வேண்டும் என்பதற்கு நம் போராட்டம் வேண்டும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

கிளைகளுக்கு ஐந்து செய்திகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: ஒரு தோழர் மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை என்றால், விளக்கம் கோரும் முன் ஒருவர் வீட்டுக்குச் செல்லுங்கள். தூக்கம், பசி, வேலை, கடன் ஆகிய நான்கையும் கேளுங்கள். சாக நினைத்ததுண்டா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகப் பிறக்காது; பெரும்பாலும் கேட்டவரிடம் பாரம் இறங்கும். ஆம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டு: 14416 என்ற டெலி மானஸ் எண்ணை ஒவ்வோர் ஆலை வாயிலிலும் எழுதி வையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய கட்டணமில்லா அரசுச் சேவை அது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பேசலாம். மருத்துவருக்கு அது மாற்று ஆகாது, முதல் வாசலாகும்.

மூன்று: குடிநோயை ஒழுக்கக் கேடாக மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவர் அனிதா அவசட்டும் எழுத்தாளர் அனில் அவசட்டும் 1986இல் இந்நகரில் தொடங்கிய முக்தாங்கண் மையம், குடிநோயாளியை மரியாதையோடு நடத்தியே மீட்க முடியும் என்று காட்டியிருக்கிறது.

நான்கு: பேசத் தயங்கும் இடத்தில் கலையைத் துணைக்கு அழையுங்கள். புனேயின் சுமித்ரா பாவே, சுனில் சுக்தங்கர் இணையர் மனச்சிதைவைப் பற்றி 'தேவ்ராய்', மறதி நோயைப் பற்றி 'அஸ்து', மனச்சோர்வைப் பற்றி 'காசவ்' ஆகிய மராத்திப் படங்களை எடுத்தார்கள். 'காசவ்' நாட்டின் சிறந்த திரைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. ஒரு மாலை ஒன்றைத் திரையிட்டு, பெண்களை முதலில் பேச விடுங்கள்.

ஐந்து: வட்டார சுகாதார நிலையத்திற்கு மாதம் ஒருமுறை இருவர் செல்லுங்கள். வலிப்பு, மனநோய் மருந்துகள் இருப்பில் உள்ளனவா, மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு எழுதுங்கள். மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால் நம் மனு வெற்று முழக்கமாக இராது.

திருமணத்தைப் பற்றியும் ஒரு சொல். வலிப்பு நோய் 1999 வரை இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்திற்குத் தடையாகவே இருந்தது. அவ்வாண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. சட்டம் நீக்கிய பின்னும் நம் வீடுகள் நீக்கவில்லை. பெண்ணுக்கு வலிப்பு என்று தெரிந்தால் சம்பந்தம் பேச வந்தவர் எழுந்துபோகிறார். அதனால் மறைக்கிறார்கள். மறைத்த பெண் புகுந்த வீட்டில் ஒளிந்து மாத்திரை விழுங்குகிறாள், ஒரு நாள் விட்டுவிடுகிறாள், அடுப்படியில் விழுகிறாள். நம் தோழர்களின் வீட்டுத் திருமணங்களிலாவது இந்த மறைப்புக்குத் தேவையில்லாமல் செய்வோம்.

நான் தொடக்கத்தில் சொன்ன தோழர் நலமாக இருக்கிறார். ஓராண்டு மருந்து உட்கொண்டார், மருத்துவர் ஆலோசனைப்படி நிறுத்தினார், வேலைக்குப் போகிறார். தெருவில் பார்த்தால் தேநீர் வாங்கித் தருவார். பத்திரிகையும் வாங்குகிறார். கட்சியில் மீண்டும் சேருங்கள் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. முதலில் எங்கள் கிளை அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதை எழுதச் சொல்லியிருக்கிறேன்.